மடிப்பாக்கத்துக்கு எத்தனை மாடி? மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கு நாம் எழுதிக் கொடுக்க வேண்டியது

போன மாதம் தென்சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு நலச்சங்கக் கூட்டம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. வழக்கமாகக் கொசு, குப்பை வண்டி, தெருவிளக்கு என்று அரை மணி நேரத்தில் பேசிக் கலைந்துவிடுவோம். அன்றைக்கு இரவு ஒன்பதரை தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. சென்னைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வந்தால் தெரு சார்பில் என்ன எழுதிக் கொடுப்பது என்பதுதான் பேச்சு. "எஃப்எஸ்ஐயைக் கூட்டச் சொல்லுங்க. என் பசங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஃபிளாட் நிக்கும்" என்றார் தெருக்கோடி வீட்டு சார். எஃப்எஸ்ஐ என்றால், மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு. "கூட்டிட்டா மழைத் தண்ணி எங்க சார் போகும்? என் வீட்டுக்குள்ளதான்" என்றார் தரைத்தளத்தில் குடியிருக்கும் அக்கா. இரண்டு பேர் கவலையும் நியாயமானது. அதனால்தான் உட்கார்ந்து யோசித்து இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) முதல் முழுமைத் திட்டம் 1975ல் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது, 2026 வரைக்கும் போட்டது. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கு. அதன் வரைபடத்தில் உங்கள் மனைக்கு எந்த நிறம் அடிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அங்கே வீடு கட்டலாமா, கடை வைக்கலாமா என்பதெல்லாம் முடிவாகும். நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-ன்படி, வரைவை அறிவித்த நாளிலிருந்து குறைந்தது 2 மாதம் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் விட்டாக வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்தில் கொடுக்கலாம். இரண்டு மாதம் என்பது கேட்க அதிகமாகத் தெரியும். ஒரு கல்யாணமும் ஒரு காய்ச்சலும் வந்தால் போயே போய்விடும். என்ன கேட்பது என்பதை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி உயரத்தைக் கூட்டுவது முதல் வழி. நகரத்தை வெளிப்பக்கம் விரிப்பது இரண்டாவது. மெட்ரோ, ரயில் தடங்களை ஒட்டி மட்டும் அடர்த்தியாகக் கட்டவிடுவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் நான் தண்ணீரை வைத்தே பார்க்கிறேன். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், மழைநீர் எங்கே நிற்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் எத்தனை மாடி வந்தாலும் எனக்குச் சம்மதம்.

முதல் வழி எப்படி இருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, நடந்ததையே பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்எஸ்ஐயை, அதாவது தளப்பரப்புக் குறியீட்டை, 1.5லிருந்து 2 ஆக்கின. ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றால் இப்போது 4,800. எங்கள் எதிர் வரிசையில் ஒன்றரை கிரவுண்டில் ஒரு பழைய வீடு இருந்தது. பின்னால் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு மாமரம். ஜாயின்ட் வென்ச்சரில் பில்டரிடம் கொடுத்தார்கள். இப்போது அங்கே ஸ்டில்ட்டுக்கு, அதாவது வண்டி நிறுத்தும் தூண் தளத்துக்கு, மேல் நான்கு மாடி, எட்டு ஃபிளாட். விதிப்படிதான் கட்டியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசே வைத்திருக்கும் அளவில் போட்டால், எட்டு வீட்டுக்கும் சேர்த்து 4,300 லிட்டருக்கு மேல் வேண்டும். 12,000 லிட்டர் லாரி ஒன்று மூன்று நாளைக்குக் கூடக் காணாது. காலை ஐந்தரைக்கு அந்த லாரி எங்கள் தெருவுக்குள் ரிவர்ஸில் வரும். கிளீனர் பையன் பின்னால் நடந்துகொண்டே "வா வா வா" என்று கையைத் தட்டுவான். சம்ப் மூடியைத் தூக்கிக் குழாயைப் போட்டு நிரப்பி முடிக்கும் வரை பால்காரர் உட்பட யாரும் தெருவைக் கடக்க முடியாது. சாயங்காலம் வேறொரு லாரி வந்து செப்டிக் டேங்கை உறிஞ்சிக்கொண்டு போகும். தண்ணீர் வருவதும் சக்கரத்தில், போவதும் சக்கரத்தில். தெருவில் இன்னும் பத்து வீடுகள் இதே மாதிரி மாறினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்காகக் கோடி வீட்டு சாரின் பக்கத்தைத் தள்ளிவிட முடியாது. அவர் வீட்டுக்கு நாற்பது வயசாகிறது. கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஓய்வூதியம் இல்லை. சேர்த்து வைத்த சொத்து அந்த மனை ஒன்றுதான். பில்டரிடம் கொடுத்தால் இரண்டு ஃபிளாட்டும் கையில் கொஞ்சம் பணமும் வரும். எல்லாத் தெருவுக்கும் கூட்டுங்கள் என்று கேட்பவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்டவர்கள். பேராசை என்று அவர்களைச் சொல்வது அநியாயம். வாடகைக்கு இருப்பவர்களும் வீடு பெருகினால் வாடகை குறையும் என்று நம்புகிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எஃப்எஸ்ஐ கூடப் போகிறது என்ற பேச்சு கிளம்பியவுடனே கிரவுண்டு விலையும் ஏறிவிடுகிறது. அந்த ஏற்றம் கடைசியில் ஃபிளாட் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணம் கட்டிக் கூடுதலாக வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐக்கு, 9 மீட்டர் சாலை என்றால் 30 சதவீதம், 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டருக்கு மேல் 50 என்று விதியிலேயே படிப்படியாக வைத்திருக்கிறார்கள். ரோட்டின் அகலத்துக்குக் கணக்கு இருக்கிறது. பூமிக்கடியில் குழாய் இருக்கிறதா, வடிகால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏனென்றால் நாமே அதன் விளைவு. சென்னை மாநகராட்சி 2011ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. மடிப்பாக்கம் உள்ளே வந்தது அப்போதுதான். சிஎம்டிஏவின் எல்லையோ 2022ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆகிவிட்டது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை இருக்கிறது. மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு என்று புதுநகரத் திட்டங்களும் பேசப்படுகின்றன. விலை குறைவு, தனி வீடு கட்டலாம், காற்று வரும் என்று போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பக்கத்து நிலமெல்லாம் குடியிருப்பாக மாறும்போது தன் நிலம் மட்டும் விவசாய வலயத்தில் நின்றுவிட்டால் அந்த விவசாயிக்கும் மனசு ஆறாது.

ஆனால் அந்தப் பக்கம் எல்லாம் ஏரியும் ஏரிக்குக் கீழே வயலுமாக இருக்கிற நிலம். வயலை மனையாக்கினால் அதற்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் முதலில் சாக்கடையாகும், அப்புறம் தெருவாகும். மடிப்பாக்கத்தைச் சுற்றி நடந்ததும் அதுதான். ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) கட்டடம் முதலில் வந்தது, குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னால் வரும் என்றார்கள். எத்தனையோ அடுக்குமாடிக் குடியிருப்புகள் லாரித் தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் ஓட்டின. செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்கு நீர் வரும் பக்கமெல்லாம் கட்டடமானால் நாம் குடிப்பதற்கே வழி இருக்காது. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இரண்டாம் திட்டத்தில் இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும். திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணலில் மழைநீர் இறங்கும் பகுதிக்கு அதே திட்டத்தில் எஃப்எஸ்ஐ 0.8தான். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு எழுதட்டும், நாமும் கூட எழுதலாம்.

மூன்றாவது வழிதான் என் மனசுக்கு நெருக்கமானது. மெட்ரோ இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டு மூன்று தடங்களில் வேலை நடக்கிறது. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் உயரமாகக் கட்டவிட்டால், அங்கே குடிவருகிறவர் இரண்டு வண்டி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரிய ரோட்டுக்குக் கீழே பெரிய குழாய் போடலாம். தண்ணீரையும் கழிவுநீரையும் ஒரு தடத்தில் கொண்டுபோவது, ஆயிரம் சந்துக்குள் கொண்டுபோவதை விடச் சுலபம். 18 மீட்டர் சாலை இருந்தால் உயரமான கட்டடங்களுக்கு இப்போதே 3.25 எஃப்எஸ்ஐ உண்டு. ஆக, இது புதுசாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற வேலை கிடையாது. எங்கே குவிப்பது என்று தெளிவாகக் கோடு போடுகிற வேலை. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் தடத்தையும் இதில் சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்தத் தடத்தில் நிலையத்தின் வாசலை விட்டு நாலு தெரு தள்ளினால் இன்னும் தாழ்ந்த பழைய வீடுகளும் காலி மனைகளும்தான் இருக்கின்றன. மேடான நிலமும் அந்தப் பக்கம் நிறைய.

சரி, அப்படியென்றால் இதையே எழுதிக் கொடுத்துவிடலாமா? இங்கேதான் எங்கள் தெருவுக்கே உரிய சிக்கல் வருகிறது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் தடம் புழுதிவாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகப் போகிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் போகிற வழியையும் அதோடு வைத்துப் பாருங்கள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. தென்சென்னையின் ஏகப்பட்ட ஏரிகளின் உபரிநீருக்குப் பள்ளிக்கரணைதான் கடைசிப் படுகை. 2022ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு ஏறக்குறைய 1,247 ஹெக்டேர். ஒரு காலத்தில் பல மடங்கு விரிந்து கிடந்த நிலம் அது. ஆக, மெட்ரோ தடம் என்ற ஒரே காரணத்துக்காக இங்கே கூட்டினால், தண்ணீர் வந்து தங்குகிற இடத்திலேயே ஆட்களைக் கொண்டுபோய்க் குவிக்கிறோம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டு தடவையும் இந்தப் பக்கம் படகு வந்தது.

2025ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பு நிலத்தைச் சுற்றித் தாக்கப் பகுதி, அதாவது அங்கே என்ன செய்தாலும் சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய பகுதி, எது என்று முடிவாகும் வரை ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி தர வேண்டாம் என்றது. சதுப்பு நிலத்தைக் காப்பதற்கு அது தேவைதான். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் வங்கிக் கடன் போட்டு அரை கிரவுண்டு வாங்கி, வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அந்த எல்லைக் கோட்டை முன்கூட்டியே முழுமைத் திட்டத்தில் போட்டிருந்தால் அவர்கள் அந்த மனையை வாங்கியிருக்கமாட்டார்கள். கோடு தாமதமாக வந்தால் அடி வாங்குவது எப்போதும் சின்ன மனைக்காரர்தான்.

அதனால் நான் மூன்றாவது வழியைத்தான் எழுதுவேன், ஆனால் மூன்று நிபந்தனையோடு.

முதலாவது, மெட்ரோ தடமாகவே இருந்தாலும் தாழ்வான பகுதியில் எஃப்எஸ்ஐ கூடக் கூடாது. எது தாழ்வு என்பதை 2015லும் 2023லும் தண்ணீர் நின்ற உயரத்தை வைத்து, சர்வே எண் வாரியாக வரைபடத்தில் காட்ட வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் போட்டு விட்டுவிடக் கூடாது. மடிப்பாக்கத்திலேயே மேடும் இருக்கிறது, பள்ளமும் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இரண்டடி வித்தியாசம்.

இரண்டாவது, குழாயும் பாதாளச் சாக்கடையும் ஓட ஆரம்பித்த பிறகுதான் அந்தத் தெருவுக்குக் கூடுதல் மாடி. "திட்டம் இருக்கிறது, வேலை நடக்கிறது" என்ற பதிலெல்லாம் போதாது. வீட்டு இணைப்பு கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை கோடி வீட்டு சாருக்காக. கட்டட விதிகளில் வளர்ச்சி உரிமை மாற்றம் என்று ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. சாலை விரிவாக்கம் போன்றவற்றுக்கு நிலம் கொடுத்தவர், அதற்கு ஈடான கட்டும் உரிமையைச் சான்றிதழாக வாங்கி, வேறு இடத்தில் பயன்படுத்தலாம், இல்லையென்றால் விற்கலாம். தாழ்வான பகுதியில் கட்டாமல் விட்டுக்கொடுப்பவருக்கும் இதைத் தரச் சொல்லலாம். மேட்டில் நிலையத்துப் பக்கம் கட்டும் பில்டர் அவரிடமிருந்து அந்த உரிமையை வாங்கிக்கொள்ளட்டும். சாருக்குப் பணம் வரும், வீட்டைச் சரி செய்துகொள்வார், மனையின் மண் தரையில் தண்ணீர் இறங்க இடமிருக்கும். இது நடக்குமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்காமல் விட்டால் நிச்சயம் நடக்காது என்றுதான் சொல்ல முடிந்தது.

நிபந்தனை போட்டால் யார் மதிக்கப் போகிறார்கள் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விதியை மீறிக் கட்டியதைப் பிற்பாடு முறைப்படுத்த இந்த 1971 சட்டத்திலேயே 113-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. அப்புறம் 2007 ஜூலை வரை கட்டியவற்றுக்காக 113-சி வந்தது. ஒழுங்காகக் கட்டியவருக்கு அதைவிட மனக்கசப்பு வேறில்லை. இனி இப்படி ஒரு பிரிவு வராது என்று முழுமைத் திட்டத்தால் உறுதி தர முடியாது. ஆனால் குழாய் இணைப்பு எண்ணைக் காட்டினால்தான் திட்ட அனுமதி என்று வைத்தால், மீறுவது கண்ணுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரரே கேட்கலாம்.

எப்படி எழுதுவது என்பதிலும் இரண்டு கருத்து இருந்தது. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரே கடிதம், கீழே எல்லோர் கையெழுத்தும் என்று ஒரு தரப்பு. ஆளாளுக்குத் தனிக் கடிதம் என்று இன்னொரு தரப்பு. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றிரண்டு தனிக் கடிதமாவது கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. சங்கக் கடிதத்தில் கொள்கை இருக்கட்டும். தனிக் கடிதத்தில் சர்வே எண், மனையின் அளவு, தெருவின் அகலம், எந்தத் தேதியில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது, தேதி தெரிகிற புகைப்படம், இவ்வளவும் இருக்க வேண்டும். "வளர்ச்சி வேண்டும், சுற்றுச்சூழலும் வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வராது. "இந்தச் சர்வே எண்ணுக்கு வரைபடத்தில் அடித்திருக்கும் நிறம் தவறு, காரணம் இது" என்று எழுதினால் யாராவது அந்த இடத்தை எடுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கடிதத்தைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

கோடி வீட்டு சார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாத் தெருவுக்கும் கூட்டச் சொல்லித் தனியாக எழுதப் போகிறார். எழுதட்டும், அது அவருடைய உரிமை. சங்கத்தின் கடிதத்தில் அவருடைய கருத்தையும் ஒரு பத்தியாகச் சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

தரைத்தளத்து அக்கா வீட்டு ஹாலில், அலமாரிக்குப் பக்கத்தில், பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறார். மேல் கோடு 2015, கீழ்க் கோடு 2023. நடுவில் ஒரு தடவை வெள்ளையடித்தபோதும் அந்த ஒரு சாண் அகலத்தை மட்டும் அடிக்க விடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கித் தெருவின் அந்தக் கோடி வரை ஒவ்வொரு வீடாக அளக்கப் போகிறோம்.